பேரேடு அழிந்தால்



தில்லியில் பணிபுரியும் ஒருவர் மாதத் தொடக்கத்தில் தென்காசியிலுள்ள தம் தாயாருக்குப் பணம் அனுப்புகிறார். அகமதாபாத்தில் தொழில் செய்யும் இன்னொருவர் பொங்கலுக்கு ஊர் செல்ல வேண்டி, அறுபது நாட்களுக்கு முன்பே ரயிலில் இடம் பதிவு செய்துகொள்கிறார். பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்கும், இடம் தமக்கு உரியது என்பதற்கும் இவ்விருவர் கையிலும் உள்ள சான்று கைபேசியில் வந்த ஒரு குறுஞ்செய்தியே. அச்செய்தியும் நிழல்தான். அதன் உருவம், அவர்கள் கண்டிராத ஏதோ ஒரு கட்டடத்தில், ஓயாது சுழலும் தட்டுகளிலோ மின்சில்லுகளிலோ பதிந்து கிடக்கும் ஒற்றை வரியாகும். ஊரை விட்டு வந்து வாழ்வோருக்கு இவ்வரிகள் உள்ளூரில் இருப்போரைக் காட்டிலும் இன்றியமையாதவை. முகம் பார்த்துக் கடன் கொடுக்கும் தெருமுனைக் கடைக்காரர் அவர்களுக்கு இல்லை.

இத்தகைய வரிகள் கோடிக்கணக்கில் திரண்ட தொகுதியையே தரவுத்தளம் என்கிறோம். நம் வணிகர் வழக்கில் சொல்வதானால் அது ஒரு பேரேடு. பேரேட்டுக்கு மறுபடி எடுத்து வைக்கும் எண்ணம் புதியதன்று. ஏடு செல்லரித்துப் போவதற்கு முன்பே அதைப் பெயர்த்தெழுதுவித்து வைத்த மரபு நம்முடையது. ஆயினும் எழுதி முடிந்த ஒரு சுவடியைப் பெயர்த்தெழுதுவது வேறு. விநாடிதோறும் ஆயிரக்கணக்கான புது வரிகள் ஏறியவண்ணம் இருக்கும் ஒரு பேரேட்டுக்குப் படி எடுப்பது வேறு. அதிலும் அப்பேரேடு ஓர் அளவுக்கு மேல் பெருத்துவிட்டால், சிறியதற்குப் பொருந்திய முறை எதுவும் அதற்குப் பொருந்துவதில்லை. அத்தகைய மிகப் பெரிய தரவுத்தளங்களுக்குக் காப்புப்படி எடுப்பதையும், அவை அழிந்தால் மீட்பதையும் எவ்வாறு திட்டமிடுகிறார்கள் என்பதையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தென் கொரியாவில் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, தேஜோன் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் தீப்பற்றியது. மின்கலத் தொகுதிகளை அப்புறப்படுத்தும் பணியின்போது நேர்ந்த விபத்து அது. நூற்றுக்கணக்கான அரசுப் பணிகள் நின்றன; 96 அமைப்புகள் நேரடியாகத் தீக்கு இரையாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் படி இருந்தது. அரசு ஊழியர்கள் தம் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த பொதுக் களஞ்சியம் ஒன்றுக்கு மட்டும் இல்லை. ஊழியர் ஒருவருக்கு 30 கிகாபைட் என ஒதுக்கப்பெற்ற அக்களஞ்சியத்தில் 858 டெராபைட் அளவு ஆவணங்கள் இருந்தன. வெளியிடத்தில் அதற்குப் படி ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு அதிகாரிகள் கூறிய விடை, அது அளவில் மிகப் பெரியது என்பதே.

இவ்விடையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டெராபைட் என்பது இலட்சம் கோடி எழுத்தலகுகள். விநாடிக்கு ஒரு கிகாபைட் வேகத்தில் நகல் எடுத்தால் 858 டெராபைட்டுக்கு ஏறத்தாழ பத்து நாட்கள் பிடிக்கும். ஓர் இரவில் முடியாது என்பது உண்மை. ஆனால் பத்து நாட்களில் முடியும் காரியத்தை நடவாத காரியம் என்று சொல்லலாமா? 2021-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒன்பதாம் தலைமுறை எல்.டி.ஓ. காந்த நாடாவில் ஒரு பேழை 18 டெராபைட் கொள்ளும். அப்படியானால் 48 பேழைகள் போதும். ஒரு பேழை உள்ளங்கை அளவுடையது. நாற்பத்தெட்டையும் நாம் ரயிலில் கொண்டுசெல்லும் நடுத்தரப் பெட்டி ஒன்றிலேயே அடுக்கிவிடலாம். எந்தக் காரணத்தைக் காட்டி படி எடுக்காமல் விட்டார்களோ, அந்தக் காரணமே முன்கூட்டித் திட்டமிட வேண்டியதற்கான காரணமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் பெட்டியில் அடுக்கிவிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்நாடாவைப் படிக்கும் பொறியின் வேகம் விநாடிக்கு 400 மெகாபைட். ஒரு பேழையை முழுவதும் படிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். பொறி ஒன்றே இருந்தால் 48 பேழைகளையும் திரும்ப ஏற்ற 600 மணி, அதாவது 25 நாட்கள் வேண்டும். பொறிகள் நான்கு இருந்தால் ஆறேகால் நாள். இங்குதான் திட்டமிடுவோர் பலர் இடறுகின்றனர். ஒவ்வோர் இரவும் படி எடுக்க எத்தனை பொறிகள் தேவை என்று கணக்கிட்டு வாங்குகிறார்கள். இரவில் எடுப்பது அன்றைய மாற்றம் மட்டுமாதலால் ஒரு பொறியே போதுமானதாகிறது. அழிவு நேர்ந்த அன்றோ முழுமையும் திரும்ப வேண்டும். அன்று அந்த ஒற்றைப் பொறியின் முன் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிறது. ஆதலால் இத்துறையில் தேர்ந்தவர்கள் கணக்கைப் பின்னிருந்து தொடங்குவார்கள். மீட்புக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கேற்பப் படி எடுக்கும் முறையை வகுப்பார்கள்.

பொறுக்கக்கூடியவை இரண்டு உண்டு. எத்தனை நேரம் பணி நின்றிருக்கலாம் என்பது ஒன்று. எத்தனை நிமிடப் பதிவுகள் திரும்பாமலே போகலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. ஒரு நூலகத்தின் நூற்பட்டியல் இரண்டு நாள் கிடைக்காமற்போனால் யாருக்கும் பெருந்தீங்கு இல்லை. நேற்றைய பதிவுகள் தொலைந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். வங்கிக்கு இரண்டு மணி நேர நிறுத்தம் தொல்லையே; ஆனால் இரண்டு நிமிடப் பதிவு தொலைந்தாலோ, எவர் பணம் எவரிடம் போயிற்று என்பது வழக்குமன்றம் வரை செல்லும். இந்த இரண்டு எண்களையும் கணிப்பொறி வல்லுநர் தாமாக நிர்ணயிக்க முடியாது. தொழிலை நடத்துவோர் எழுத்தில் தர வேண்டும். குறைந்த எண் கேட்டால் அதற்குரிய செலவையும் அவர்களே ஏற்க வேண்டும்.

இனி, ஓடிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் படி எடுப்பதில் உள்ள ஒரு சிக்கலைப் பார்ப்போம். ஐந்நூறு பக்கப் பேரேட்டை ஓர் எழுத்தர் காலை பத்து மணிக்கு முதல் பக்கத்திலிருந்து பெயர்த்தெழுதத் தொடங்குகிறார். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது மாலை நான்கு மணி. இடையில் நண்பகலில், ஐந்நூறாம் பக்கத்துக் கணக்கிலிருந்து முதல் பக்கத்துக் கணக்குக்கு நூறு ரூபாய் மாற்றப்படுகிறது. எழுத்தரின் படியில் முதல் பக்கம் வரவு வைப்பதற்கு முன்பு எழுதியது. கடைசிப் பக்கம் பற்று எழுதிய பின்பு எழுதியது. ஆகவே அந்தப் படியில் நூறு ரூபாய் எங்குமே இல்லை! எழுத்தர் ஓர் எழுத்தும் பிழையாக எழுதவில்லை. ஆயினும் அவர் எழுதிய பேரேடு எந்த நேரத்திலும் இருந்திராத ஒரு பேரேடு. பல டெராபைட் அளவுள்ள தரவுத்தளத்துக்குப் படி எடுக்கப் பல மணி நேரம் ஆவதால், அதற்கு எடுக்கும் படியும் இத்தன்மையதே. கடையைச் சாத்திவிட்டுப் படி எடுக்கலாம் என்றால், இரவு பகல் பாராது இயங்கும் ரயில் முன்பதிவையும் வங்கியையும் எப்போது சாத்துவது?

இதற்குத் தீர்வு நம் கணக்கப்பிள்ளைகள் அறிந்த நாள்வழிக் குறிப்பேடுதான். நிகழ்வது ஒவ்வொன்றும், நிகழ்ந்த வரிசைப்படி, முதலில் நாள்வழியில் ஏறும். அதிலிருந்து பேரேட்டில் உரிய பக்கத்துக்குச் செல்லும். கணிப்பொறித் தரவுத்தளமும் அவ்வாறே செய்கிறது. பேரேட்டின் பக்கம் தட்டில் மாறுவதற்கு முன்பே, அம்மாற்றம் நாள்வழியில் பதிந்துவிட வேண்டும் என்பது அதன் விதி. படி எடுத்த நேரத்துக்குரிய நாள்வழி கையில் இருந்தால், முன்பின் முரணான அந்தப் படியின் மீது நாள்வழியை வரிசையாக ஏற்றி, காணாமற்போன நூறு ரூபாயை அதன் இடத்தில் வைத்துவிடலாம். அதற்கு மேலும் ஏற்றிச் சென்றால், அழிவு நேர்ந்த நொடிவரை வந்து சேரலாம்.

இம்முறையை ஒழுங்குபடுத்தி ‘ஏரீஸ்’ என்ற பெயரில் 1992-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய ஐவருள் முதல்வர் சி. மோகன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவர். அவர் சென்னையில் பயின்றது வேதிப் பொறியியல் என்பது சுவையான செய்தி. ஏரீஸ் முறையில் மூன்று கட்டங்கள் உள்ளன. இயக்கம் நின்ற தருணத்தில் எவையெவை நடந்துகொண்டிருந்தன என்று நாள்வழியை ஆராய்வது முதற்கட்டம். நடந்தவை அனைத்தையும், முற்றுப்பெறாதவை உட்பட, மீண்டும் நிகழ்த்துவது அடுத்தது. முற்றுப்பெறாதவற்றைப் பின்னோக்கிச் சென்று நீக்குவது கடைசி. நீக்கப்போவதையும் ஒருமுறை நிகழ்த்திவிட்டு நீக்குவது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் வரலாற்றை உள்ளபடியே ஒருமுறை மீட்டுவிட்டால் அதன்பின் குழப்பத்துக்கு இடமில்லை என்பதே அதன் நுட்பம்.

நாள்வழி இருக்கிறதே என்று முழுப் படி எடுப்பதை ஒத்திப்போடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு முந்தைய படியின் மீது ஆறு மாத நாள்வழியை ஏற்றுவதென்றால் அதற்கு நாட்கணக்கில் ஆகலாம். அச்சங்கிலியில் ஒரு கண்ணி கெட்டிருந்தாலும் அதற்கப்பால் செல்ல இயலாது. ஆதலால் முழுப் படி ஒன்றும், அதன்பின் மாறிய பக்கங்கள் மட்டும் கொண்ட சிறு படிகளும், அவற்றுக்குப் பிந்தைய நாள்வழியுமாக அடுக்கி வைப்பார்கள்.

மிகப் பெரிய பேரேடுகளுக்கு இன்னுமொரு வழி உண்டு. என் கருத்தில் மிகுந்த பயன் தருவது அதுவே. பேரேடு பெருத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பக்கங்கள்தாம். பத்தாண்டுக்கு முன் பயணம் செய்து முடித்தவரின் பயணச்சீட்டு இனி மாறப்போவதில்லை. கணக்கு முடிந்த ஆண்டுகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்து முத்திரையிட்டு, அவற்றுக்கு ஒருமுறை இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறு ஊரில் வைத்துவிட்டால், நாள்தோறும் கவனிக்க வேண்டியது நடப்பு மாதம் மட்டுமே. நூறு டெராபைட் பேரேட்டில் நடப்புப் பகுதி இரண்டு டெராபைட்டாக இருக்கலாம். மீட்கும்போதும் இப்பிரிவு உதவும். முதலில் நடப்புப் பகுதியை ஏற்றிக் கடையைத் திறந்துவிடலாம். பழைய ஆண்டுகள் பின்னால் மெல்ல வந்து சேரட்டும். இவ்வாறு பிரிக்கும் வேலையைத் தரவுத்தளம் அமைக்கும்போதே செய்ய வேண்டும். பெருத்தபின் பிரிப்பது, ஓடும் ரயிலில் பெட்டி மாற்றிக் கோப்பது போன்றது.

படி என்று பலர் நம்பியிருப்பவை சில உண்மையில் படி ஆகா. ஒரு சர்வரில் எழுதுவதையெல்லாம் அக்கணமே மற்றொரு சர்வரிலும் எழுதிக்கொண்டே வரும் இணைநகல் அவற்றுள் ஒன்று. பொறி பழுதானால் அது காக்கும். ஒருவர் தவறுதலாகக் கணக்குகளை அழித்தாலோ, அவ்வழிவையும் அது உண்மையுடன் நகல் எடுத்துவிடும். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டது. பழுதான இணைநகலைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், இணைநகலில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரின் தரவுகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது நான்கரை கிகாபைட். நாள்தோறும் எடுத்திருக்க வேண்டிய படிகளைத் தேடினால், அங்கே ஒன்றுமில்லை. படி எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் நகல் எடுக்கும் பணி தோற்றுக்கொண்டே வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ அஞ்சல் சர்வரிலேயே மறுக்கப்பட்டு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காத்தது. அதையும் மெதுவான தட்டுகளிலிருந்து திரும்பக் கொணரப் பல மணி நேரம் ஆயிற்று. 300 கிகாபைட் என்பது இன்றைய நிலையில் பெரிய தரவுத்தளமே அன்று. அதற்கே இவ்வளவு நேரமென்றால் அதைப்போல் முந்நூறு மடங்கு உள்ளதை எண்ணிப் பாருங்கள்.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பொறியில், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், காப்புப்படி எடுக்கும் நிரலில் செய்த ஒரு திருத்தம் தவறிப்போய், அந்நிரலே ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளை அழித்துவிட்டது. சில ஆய்வுக் குழுக்களின் கோப்புகள் திரும்பவே இல்லை. மூலத்தையும் படியையும் ஒரே கை தொடக்கூடியதாக வைப்பதில் உள்ள ஆபத்து இது. அந்தக் கை பகைவனுடையதாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறைகுறியாக்கப்பட்டது. தில்லியில் உள்ள நேயர்களில் சிலர் அந்நாட்களில் அங்கே கையெழுத்துச் சீட்டுடன் வரிசையில் நின்றிருக்கக் கூடும். தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்புச் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டுப் புதுச் சர்வர்களில் ஏற்றப்பட்டன என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பணிகள் பெரும்பாலும் சீரடைய இரண்டு வாரம் ஆயிற்று. தாக்குவோர் முதலில் தேடுவது காப்புப் படிகளைத்தான். ஆதலால் ஒரு படியேனும் வலைப்பின்னலோடு தொடர்பின்றி, எழுதியபின் எவராலும் மாற்ற இயலாத வகையில் இருத்தல் வேண்டும்.

படியை எங்கே வைப்பது? 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையக் கட்டடம் எரிந்தபோது, மூலமும் படியும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். நம் நாட்டில் பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் செபி அமைப்பு, மாற்று மையம் இயன்றவரை வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும் என்றும், இயலாவிடில் குறைந்தது 500 கிலோமீட்டர் தொலைவிலேனும் அமைய வேண்டும் என்றும் விதித்துள்ளது. மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தை தன் மாற்று மையத்தைச் சென்னையில் அமைத்தது. நிலநடுக்கமும் பெருவெள்ளமும் இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் தாக்குவது அரிது என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போர், எந்த ஊருக்கும் அதனதன் இடர் உண்டு என்பதையும் அறிவர்.

மாற்று மையம் இருந்தும் அதற்கு மாறாமற்போன நாளும் உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் காலை 11.40 மணிக்கு அச்சந்தையில் வணிகம் நின்றது, மாலை 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கியது. அந்நான்கு மணி நேரத்தில் மாற்று மையத்திலிருந்து வணிகம் நடைபெறவில்லை. அடுத்த மாதமே செபி விதிகளை இறுக்கியது. இடர் நேர்ந்தால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து பணி தொடங்க வேண்டும். தொலையும் பதிவு 15 நிமிடத்துக்கு மேற்படலாகாது. இவ்விதிகளில் அறிவிப்புக்கும் காலவரை இட்டிருப்பதைக் கவனியுங்கள். பொறிகள் மாறுவதைக் காட்டிலும், மாறலாமா வேண்டாமா என்று மனிதர்கள் தயங்குவதிலேயே பொழுது கழிகிறது. மாறினால் சில நிமிடப் பதிவுகள் போகும். மாறாமல் காத்திருந்தால் சரியாகிவிடக்கூடும் என்ற ஆசை எவருக்கும் எழுவதுதான். யார் முடிவு செய்வது, அவர் இல்லாவிட்டால் யார் என்பதை அமைதியான நாளிலேயே எழுதி வைக்க வேண்டியதாகிறது.

2024-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், ஒரு சனிக்கிழமையன்று, அச்சந்தை சிறப்பு வணிகம் ஒன்றை நடத்திற்று. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலிருந்தும் மெய்யான வணிகமே நடந்தது. ஒத்திகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். காகிதத்தில் எழுதி ஒப்பமிடும் ஒத்திகைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. சந்தையளவு வசதி இல்லாத நிறுவனங்களும், மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு பிரிவின் படியை எடுத்து, வெற்றுச் சர்வர் ஒன்றில் ஏற்றி, கணக்குகளின் கூட்டுத்தொகை மூலத்தோடு ஒக்கிறதா என்று பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து வைக்கலாம். அவ்வேலையைப் படி எடுத்தவரே செய்யாமல், புதிதாகச் சேர்ந்த ஒருவரைக் கொண்டு, எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்வது நல்லது. குறிப்பில் விட்டுப்போனவை அப்போது வெளிப்படும். மறைகுறியாக்கிய படியைத் திறக்கும் திறவுசொல், அழிந்துபோன அதே சர்வரில் வைக்கப்பட்டிருந்தது என்பது போன்றவை அப்படித் தெரியவரும். மீட்புக்கு அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்கள் கணிப்பொறியில் மட்டுமே உள்ளன என்பதும் அன்றுதான் தெரியும். அவ்வெண்களைத் தாளில் அச்சிட்டு, இரண்டு ஊர் அலுவலகங்களிலும் சுவரில் ஒட்டி வைப்பதற்கு ஆகும் செலவு சில ரூபாய்.